தேக்கா மேல்மாடித் தையல் கடையும் மத்தேயு 9:16-உம்

அப்பாவின் கதர் ஜிப்பா ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் போனபிறகு ஈஸ்டர், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு என் கணவர் அதைத்தான் போடுவார். போன மாதம் முழங்கையில் விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் ஆல்டரேஷன் கடையில் காட்டினால், இதற்குக் காசு செலவழிப்பதைவிடப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சென்டருக்குப் போனேன்.

கீழே மார்க்கெட்டும் சாப்பாட்டுக் கடைகளும், மேலே போனால் சேலை, பஞ்சாபி சூட், தையல் கடைகள், எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் போன கடையில் ஒரு தையல் மிஷின், ஒரு ஓவர்லாக் மிஷின், சுவர் முழுக்கத் தொங்கும் ரவிக்கைகள், அவ்வளவுதான் இடம். தைப்பவர் கடையநல்லூர்ப் பக்கத்து பாய், அறுபதைத் தாண்டியிருப்பார்.

ஒட்டுப் போடப் புதுக் கதர்த் துண்டும் கையோடு வாங்கிப் போயிருந்தேன். இன்றைக்கே கிடைக்குமா பாய் என்றதும் துண்டை வாங்கி விரலால் நெருடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்குத் தைக்கக் கூடாதும்மா. இது கோடித் துணி, இன்னும் தண்ணியே பார்க்கலை. இப்பவே தைச்சா ரெண்டு தோய்ப்புல சுருங்கி, சுத்தியிருக்கிற பழைய துணியைச் சேர்த்து இழுத்துக் கிழிச்சிடும். வாப்பாவோட சட்டைன்னு வேற சொல்றீங்க."

கோடி! நம் வேதாகமத்தில் மத்தேயு 9:16-இல் உள்ள அதே சொல். கோடித் துண்டைப் பழைய வஸ்திரத்தோடு இணைத்தால் பீறல் அதிகமாகும் என்று சின்ன வயதிலிருந்து வாசித்திருக்கிறேன், ஆனால் ஏன் கிழியும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். கிரேக்க மூலத்திலும் அங்கே வெறுமனே 'புதிய' என்ற சொல் இல்லை, சலவைக்காரர் இன்னும் கை வைக்காத துணி என்ற பொருளில்தான் இருக்கிறது. பாய் சொன்னதேதான்.

இதை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. எங்கள் சபையில் தமிழ் ஆராதனைக்கு நடுவே ஆங்கிலப் பாடல்களும் டிரம்ஸும் திடீரென்று ஒரே ஞாயிற்றில் கொண்டுவரப்பட்டன. பிள்ளைகள் தமிழ் ஆராதனையை விட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயம்தான், அது நியாயமான பயம். பெரியவர்கள் மனம் நொந்தார்கள், இரண்டு குடும்பங்கள் வருவதையே நிறுத்திவிட்டன. நான் இளையவர்கள் பக்கம் நின்று, பழசு புதுசுக்கு வழிவிட வேண்டும் என்று இதே வசனத்தைக் காட்டிப் பேசினேன். உபவாசத்தைப் பற்றி யோவானின் சீஷர்கள் கேட்டதற்கு இயேசு சொன்ன பதில் அது. அதில் பழைய துணி கிழிந்துவிடுமே என்ற அக்கறையும் இருக்கிறது என்பது எனக்கு அந்த மேல்மாடியில் நிற்கும்போதுதான் உறைத்தது. அடுத்த வசனம் புது திராட்சரசத்தைப் புதுத் தோல்பைகளில் ஊற்றிவைப்பதைப் பற்றியது, அதுவும் 'இரண்டும் பத்திரப்பட்டிருக்கும்' என்றுதான் முடிகிறது. இரண்டும்! அந்த ஒரு சொல்லை நான் எத்தனை வருஷம் தாண்டிப் போயிருக்கிறேன். அன்று மாலையே வராமலிருக்கும் ஓர் அம்மாவுக்கு போன் செய்தேன், ஒரு மணி நேரம் பேசினோம். மன்னிப்பும் கேட்டேன்.

சரி, வேலையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு வாரம் ஆனது. துண்டை மூன்று தடவை ஊறவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு, உள்பக்கம் வைத்துப் பொடித் தையலாகத் தைத்திருந்தார். பதினைந்து வெள்ளி. அதற்குப் பிறகு இரண்டு முறை துவைத்துவிட்டேன், ஓரத்தில் துளி இழுப்புகூட இல்லை. குறை என்றால், நூல் துணியைவிட ஒரு சாயல் வெளுப்பு, கிட்டத்தில் பார்த்தால் தெரியும். ரசீது கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், தீபாவளி, நோன்புப் பெருநாள் நெருங்கினால் இப்படிச் சின்ன வேலைகளை எடுப்பதில்லை, அதற்கு முன்பே போய்விடுங்கள். மேலே புழுக்கமாக இருக்கும், காத்திருக்க நாற்காலியும் ஒன்றுதான்.

ஒட்டுத் துணி கொண்டுபோகிறவர்கள் வீட்டிலேயே இரண்டு மூன்று முறை நனைத்துக் காயவைத்து எடுத்துப் போனால் அந்த ஒரு வாரக் காத்திருப்பு மிச்சம்.