ஜப்பான் கோம்பினி: கடையா, குட்டி அரசாங்க ஆபீஸா?

டோக்கியோ வந்து செட்டில் ஆகுற நம்மாளுங்களுக்கு நான் முதல்ல சொல்றது கோம்பினி, அதாவது அங்க இருக்குற கன்வீனியன்ஸ் ஸ்டோர் பத்திதான். செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் எதுவா இருந்தாலும் சரி, பெரும்பாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும், கரண்ட் பில் கேஸ் பில்லை கவுண்டர்ல நீட்டுனா பார்கோடு அடிச்சு காசு வாங்கி சீல் வச்சு குடுத்துடுவாங்க, பார்சல் அனுப்பலாம், அதை விட மைநம்பர் கார்டு (நம்ம ஆதார் மாதிரி ஜப்பான் அடையாள அட்டை) இருந்தா அங்க இருக்குற ஜெராக்ஸ் மெஷின்லயே முகவரிச் சான்றிதழ் பிரிண்ட் எடுத்துக்கலாம், நிறைய ஊருக்கு இது ஒர்க் ஆகுது. தாலுகா ஆபீஸ்ல கால் கடுக்க நின்னவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்!

சாப்பாடு? ஒனிகிரி, அதாவது கடல்பாசி சுத்துன சோத்து உருண்டை, சூப்பர். கவர்ல 1, 2, 3னு போட்டிருக்கும், அதே வரிசையில பிரிச்சா உள்ள இருக்குற கடல்பாசி மொறுமொறுன்னே இருக்கும். ஆனா சைவக்காரங்க உஷாரு, உமெபோஷிங்குற ஊறுகாய் பிளம் வச்ச ஒனிகிரில கூட சிலதுல மீன் சாறு சேர்த்திருப்பாங்க, பின்னாடி இருக்குறத போன்ல டிரான்ஸ்லேட் பண்ணிப் பாருங்க. காரம்னு எழுதியிருக்குறத நம்பாதீங்க, நம்ம வீட்டுக் குழந்தை கூட சிரிக்கும்.

சாப்பாட்டை வாங்கிட்டுப் போனா வரி 8%, அங்கயே உக்காந்து சாப்பிட்டா 10%, கேரி பேக்குக்குத் தனி காசு. சூப்பர்மார்க்கெட்டை விட விலை கொஞ்சம் கூடத்தான், அதனால பால், முட்டை எல்லாம் சூப்பர்மார்க்கெட்லயே வாங்கிக்கோங்க. அஞ்சுக்கு நாலரை ஸ்டார், அரை ஸ்டார் சாம்பார் சாதம் இல்லாததுக்குக் கட்.