டெனாலி பச்சை பஸ்: ஆகஸ்ட் கடைசிக்கு டிக்கெட் போடுங்கள்

அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவுக்குள் போக ஒரே ஒரு ரோடுதான், மொத்தம் 92 மைல். சொந்தக் காரை 15ஆம் மைலில் இருக்கும் சாவேஜ் ஆறு வரைதான் விடுவார்கள். அதைத் தாண்ட பஸ்தான் வழி. பழுப்பு நிற பஸ் டூர்க்காரர்களுக்கு; ஓட்டுநரே மைக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டு வருவார், கொறிக்க ஏதாவது பொட்டலமும் தருவார்கள். பச்சை பஸ் சாதாரண பஸ். டூர் பஸ்ஸுக்கு ஆகிற காசில் நாலில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும், 15 வயது வரை பிள்ளைகளுக்கு டிக்கெட்டே இல்லை. பூங்கா நுழைவுக் கட்டணம் 16 வயது முதல் ஆளுக்கு 15 டாலர் தனி.

பச்சையே போதும் என்பது என் கட்சி. விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டாலும் இந்த ஓட்டுநர்களும் பேசத்தான் செய்கிறார்கள். எங்கள் பஸ்ஸை ஓட்டிய நரைமுடி அம்மா, ‘எதைப் பார்த்தாலும் ஸ்டாப் என்று கத்துங்கள், கல்லாக இருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்’ என்றுதான் வண்டியையே எடுத்தார். இன்னொரு வசதி, நினைத்த இடத்தில் இறங்கி நடந்துவிட்டு, பின்னால் வரும் பச்சை பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொள்ளலாம். இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். குடும்பமாக இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்கும் சேர்த்துக் காத்திருக்கத் தயாராக இருங்கள். அப்புறம், கரடிகள் அதிகம் நடமாடும் சேபிள் கணவாய்ப் பக்கம் ரோட்டை விட்டு விலகி நடக்கவே கூடாது.

சரி, எப்போது போவது? பஸ் ஓடுவது மே 20 வாக்கில் தொடங்கி செப்டம்பர் நடுவரைதான். இந்த நாலு மாதத்துக்குள்ளேயே நாலு ஊர் இருக்கிறது. மே கடைசியில் இன்னும் இலை துளிர்த்திருக்காது, எங்கும் காய்ந்த பழுப்பு. ஜூன் நடுவில் நள்ளிரவு தாண்டித்தான் சூரியன் மறையும், அதற்கப்புறமும் முழு இருட்டு வராது. மூஸ் என்ற பெரிய மான் இனத்தின் குட்டிகள் தாயின் காலடியிலேயே நிற்கும். ஆனால் கொசு! ஜூன் பின்பாதியிலிருந்து ஜூலை வரை அது நம் ஊர்க் கொசுவுக்கு அண்ணன். ஒரு முறை ஜூனில் போனபோது என் மாமியார் பஸ்ஸை விட்டு இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஜூலையில் கொசுவோடு கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

ஆகஸ்ட் கடைசி வாரம் வேறு உலகம். மரமே வளராத அந்தத் திறந்த வெளியில் முழங்கால் உயரத்துக்குத்தான் செடி. குட்டை பிர்ச்சும் புளூபெரி இலையும் சிவந்து, இடையிடையே வில்லோ புதர் மஞ்சளடித்து நிற்கும். அந்தச் சிவப்பில் ஒரு கிரிஸ்லி கரடி மேய்வதை எங்கள் பஸ் எஞ்சினை அணைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தது. பெரி பழத்தை ஒவ்வொன்றாகப் பறிக்கும் பொறுமையெல்லாம் அதற்கு இல்லை. தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கிளையை வாய்க்குள் விட்டு ஒரே இழுப்பு. இலை, பழம், குச்சி எல்லாம் உள்ளே. பனிக்காலத் தூக்கத்துக்கு முன் கொழுப்புச் சேர்க்கும் அவசரம் என்பதால் நாம் இருப்பதைச் சட்டையே செய்யவில்லை.

ஆண் மூஸ்களுக்கும் அதுதான் பருவம். கோடை முழுக்கக் கொம்பை மூடியிருந்த வெல்வெட் தோல் அப்போதுதான் உரியும். நாங்கள் பார்த்த ஒன்றுக்கு அது கிழிந்து கந்தலாகக் கண்ணுக்கு மேல் தொங்கியது. உரிந்த இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. அது போய் வில்லோ புதரில் கொம்பைத் தேய்க்கும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. பிள்ளைகள் ‘ஐயோ, அடிபட்டுவிட்டதா’ என்று பதற, ஓட்டுநர் அம்மா திரும்பி விளக்கம் சொன்னார். டூர் பஸ்ஸுக்குக் கொடுக்காத காசு அங்கேயே வசூலாகிவிட்டது.

இதில் ஒரு குறை உண்டு. ஆகஸ்ட் மழை மாதம். 6,190 மீட்டர் உயர டெனாலி சிகரத்தை வருகிறவர்களில் மூன்றில் ஒருவர்தான் பார்க்கிறார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆகஸ்டில் மேகம் இன்னும் கறார். எங்களுக்கு ஒரு தோள்பட்டை மட்டும் தெரிந்தது. மலைதான் வேண்டும் என்பவர்கள் மழை குறைந்த ஜூன் முன்பாதியைப் பாருங்கள். எனக்கு மலையைவிடக் கரடி பெரிது. ஆகஸ்ட் கடைசியில் இரவு இருட்டத் தொடங்கிவிடுவதால், வானம் திறந்தால் வடதுருவ ஒளியும் கிடைக்க வாய்ப்புண்டு. ஜூனில் அதற்கு வழியே இல்லை.

பஸ் பற்றி இன்னும் சில. பள்ளிக்கூட பஸ்தான், நெட்டுக்குத்தான சீட்டு, நெட்டையானவர்களுக்கு முட்டி இடிக்கும். வண்டிக்குள் கழிப்பறை கிடையாது; வழியில் டெக்லானிகா என்ற இடத்தில் அதற்காக நிறுத்துவார்கள். வழியில் தின்பதற்கு ஒன்றும் விற்க மாட்டார்கள், நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். வாசலுக்கு வெளியே ஒரு கடையில் காய்ந்த சாண்ட்விச்சுக்கு வாங்கிய காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. போகும்போது ஓட்டுநர் பக்கம், அதாவது இடது ஜன்னலைப் பிடியுங்கள்; மலை அந்தப் பக்கம். 2021இல் பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் ஏற்பட்ட மண்சரிவுக்குப் பிறகு 43ஆம் மைலோடு ரோட்டை அடைத்துவிட்டார்கள், நாங்கள் போனபோதும் பஸ் அங்கேயே திரும்பிவிட்டது. வொண்டர் ஏரி 85ஆம் மைலில். அதை மனதில் வைத்திருப்பவர்கள் அந்த வருடம் பஸ் எதுவரை போகிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரையைக் குறைத்தது சீட்டுக்காக. ஜூலையில்தான் லீவு கிடைக்கும் என்றால் விடிகாலை முதல் பஸ்ஸுக்குப் பதிவு செய்யுங்கள், முகத்தை மூடும் கொசுவலைத் தொப்பியை அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலேயே வாங்கிவிடுங்கள்.