புது டப்பாவில் பழைய வீல் சிலிண்டர்: தர்மபுரி பக்கம் பழைய மாருதிக்கு பிரேக் சாமான் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

2004 மாடல் மாருதி 800 ஒன்றுக்குப் பின் சக்கர வீல் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஃப்ளூயிட் அழுத்தத்தில் பிரேக் ஷூவைத் தள்ளுகிற சின்ன உருளை) இரண்டும், பிரேக் ஃப்ளூயிட் அரை லிட்டரும் தர்மபுரியில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் வாங்கியது. கேட்டது ஒரிஜினல். கொடுத்ததும் ஒரிஜினல் விலை. வந்தது கம்பெனி டப்பாவுக்குள் வைத்த பழைய சிலிண்டர். மாட்டிச் சில வாரத்திலேயே இடது பின் சக்கரத்தில் ஒழுகி, டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்துகிற ஷூ இரண்டும் ஃப்ளூயிடில் ஊறிப்போய்விட்டன. கடைக்குக் கொண்டுபோனால், "ஃபிட் பண்ண சாமான திருப்பி எடுக்க மாட்டோம்ண்ணா. பெட்ரோல்ல கழுவியிருப்பீங்க, அதான் ரப்பர் போயிருச்சு" என்று பதில். பில் என்று தந்த துண்டுச் சீட்டில் கடைப் பெயரே இல்லை.

கடை எது என்பது இங்கே வேண்டாம், அதற்குப் புகார் கொடுக்கும் வழி வேறு. வீட்டிலேயே வண்டி வேலை பார்க்கிறவர்கள் இப்படி ஒரு டப்பாவைக் காசு கொடுப்பதற்கு முன்னால், கவுண்டரில் நிற்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. பிரேக் சாமானில் ஏமாந்தால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்குகிற வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் பிரேக் பிடித்தே ஆக வேண்டும்.

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. வண்டிகள் நம் ஊர்ப் பக்கம் இன்னும் ஓடுகின்றன, சாமானும் கிடைக்கிறது. ஆனால் எல்லாமே ஒரே தரத்தில் இல்லை. கம்பெனி சாமான், கம்பெனிக்கே சப்ளை செய்கிறவர்கள் தங்கள் பெயரில் விற்கிற சாமான், தன் பெயர் போட்டே வருகிற லோக்கல் சாமான் என்று மூன்று வகை உண்டு. மூன்றுமே நேர்மையான வியாபாரம்தான். லோக்கல் சாமானை லோக்கல் என்று சொல்லி லோக்கல் விலைக்கு விற்றால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நாலாவது வகைதான் பிரச்சினை. உடைசலுக்குப் போன வண்டியில் கழற்றிய சிலிண்டரைக் கழுவி, உள்ளே ஹோனிங் போட்டு (உட்சுவரைக் கல்லால் தேய்த்து), மலிவான ரப்பர் கிட் மாட்டி, காலி கம்பெனி டப்பாவில் போட்டுக் கொடுப்பது. இதற்கு முதலில் தேவைப்படுவது காலி டப்பா. அதனால் சாமான் சரியாக வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு டப்பாவைக் கிழித்து, ஹோலோகிராமைச் சுரண்டிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.

சிலிண்டரைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் பைப் வந்து சேருகிற துளை. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பைப் முனை உட்காருகிற கூம்பு ஒன்று தெரியும். புது சிலிண்டரில் அது ஒரே சீராக, கோடு இல்லாமல் இருக்கும். ஒரு தடவை பைப் மாட்டி நட்டை இறுக்கிவிட்டாலே அந்தக் கூம்பின் மேல் மோதிரம் போல வட்டமாக ஒரு அழுத்தத் தடம் விழுந்துவிடும். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது போகாது. தர்மபுரியில் வாங்கிய இரண்டு சிலிண்டரிலும் அந்தத் தடம் இருந்தது. ஒன்றில் இரண்டு வட்டம், ஒன்றுக்கொன்று சற்று விலகி.

அடுத்து ப்ளீடர் நிப்பிள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றத் திறக்கிற சின்னத் திருகு. அதன் ஆறு மூலைகளில் ஸ்பேனர் கடித்த அடையாளம் இருக்கிறதா, நுனித் துளையில் பெயின்ட் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓரத்து ரப்பர் பூட்டைத் தள்ளிவிட்டு பிஸ்டனை வெளியே இழுத்து, போரை, அதாவது பிஸ்டன் ஓடுகிற உள் துளையைப் பாருங்கள். கடைக்காரர் பிரிக்க விடவில்லை என்றால் வாங்காமல் வந்துவிடலாம். புதிய போர் முழு நீளமும் ஒரே பளபளப்பாக இருக்கும். பழையதில் ஈரம் தேங்கி அரித்த கறுப்புப் புள்ளிகள் இருக்கும், விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் கோடு தெரிந்தால் அது ஹோனிங். வெர்னியர் அளவுகோல் இருந்தால் போரை இரண்டு மூன்று இடத்தில் அளந்து, வண்டியிலிருந்து கழற்றிய பிஸ்டனோடு ஒப்பிடுங்கள்.

ஹோனிங் போட்ட சிலிண்டர் ஏன் ஒழுகுகிறது? உள்ளே இருக்கிற ரப்பர் கப் தன் உதட்டைப் போர் சுவரில் அழுத்தித்தான் அடைக்கிறது. பெடலை மிதிக்கும்போது ஃப்ளூயிட் அழுத்தமே அந்த உதட்டை விரித்துவிடும், அப்போது ஒழுகாது. போர் பெரிதாகி, சுவரில் பள்ளமும் இருந்தால், வண்டி சும்மா நிற்கும்போது, அழுத்தம் இல்லாத நேரத்தில்தான் மெதுவாகக் கசியும். அதனால் பெடல் நன்றாகவே இருக்கும், ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரிசர்வாயரில் மட்டம் மட்டும் குறைந்துகொண்டே வரும். முன் பிரேக் பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும்தான், ஆனால் அது மாதக்கணக்கில் நடப்பது. வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

கடைக்காரர் சொன்ன பெட்ரோல் கதைக்கு வருவோம். பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் ஊதிப்போகும் என்பது உண்மை. சுத்தமான பிரேக் ஃப்ளூயிடில் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹாலில்தான் கழுவ வேண்டும். இந்த வண்டியில் கழுவியது பிரேக் ஃப்ளூயிடில்தான். ரப்பரே தவறாக இருந்தால் எதில் கழுவியும் பயனில்லை. எண்ணெய் தாங்குகிற சாதாரண நைட்ரைல் ரப்பர் பிரேக் ஃப்ளூயிடைத் தாங்காது, ஊறி மெத்தென்று ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு கப்பை வெர்னியரில் அளந்து, கண்ணாடி பாட்டிலில் புது ஃப்ளூயிட் ஊற்றி இரண்டு நாள் போட்டு வையுங்கள். மயிரளவு கூடினால் பரவாயில்லை. நன்றாகப் பெருத்திருந்தாலோ, விரலில் கறுப்பு ஒட்டினாலோ, அந்த கிட் வேண்டாம்.

டப்பாவையும் விட்டுவிடாதீர்கள். பார்ட் நம்பர், எம்ஆர்பி, தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் முகவரி, மாதம், வருடம் எல்லாம் இருக்க வேண்டும். எம்ஆர்பி மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். விலை குறைந்தால் மட்டும்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். பேக் செய்த வருடம் முக்கியம். ஓட்டுக் கூரை, தகரக் கூரை போட்ட கடையில் பத்து கோடை கண்ட ரப்பர், ஒரிஜினலாகவே இருந்தாலும் இறுகிப்போயிருக்கும். பிரேக் கப், ஹோஸ், டைமிங் பெல்ட் மூன்றையும் வருடம் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பார்ட் நம்பருக்கு நேரான வழி, ஆர்சியில் இருக்கிற சேசிஸ் நம்பரோடு கம்பெனி டீலரின் ஸ்பேர்ஸ் கவுண்டருக்குப் போய்க் கேட்பது. கார்புரேட்டர் மாடல், எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சுகிற) மாடல் என்று பல சாமான் மாறும். நம்பரை எழுதி வாங்கிக்கொண்டால் சாமானை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். ஓசூர், சேலம் இரண்டும் பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பெங்களூரில் வண்டிச் சாமான் கடைகள் இருக்கிற ஜேசி ரோடு போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஜேசி ரோட்டிலும் இதே சோதனைகள்தான், ஊர் பெரியது என்பதற்காக டார்ச்சை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஃப்ளூயிட் விஷயத்திலும் அதே கடை ஏமாற்றியது. பாட்டில் மூடியைத் திறந்தால் வாயில் ஒட்டிய ஃபாயில் சீல் இல்லை. பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 (பாட்டிலில் போட்டிருக்கிற ஃப்ளூயிட் வகை) புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்தக் குறைந்தபட்சம் 140க்கு இறங்கிவிடும். டாட் 4க்கு அதே கணக்கு 230, 155. கணவாய் இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துக்கொண்டே போனால் முன் சக்கரத்தில் பேடை அழுத்துகிற காலிப்பரின் சூட்டில் ஃப்ளூயிட் ஆவியாகி, பெடல் தரையைத் தொடும். லூஸில் ஊற்றிக் கொடுப்பதை, சீல் இல்லாததை, விலை பாதி என்றாலும் வாங்காதீர்கள். வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டுக் கலக்குங்கள். டாட் 3, டாட் 4 தண்ணீரோடு கலந்துவிடும். மேலே எண்ணெய்ப் படலமாக மிதந்தால் அது உங்கள் வண்டிக்கானது இல்லை. இந்தச் சோதனையில் தேறினாலும் ஈரம் ஏறியிருக்கலாம், அதனால் சீல்தான் முதல் கணக்கு.

கூலன்ட் கேனிலும் மூடிக்குக் கீழே சீல் பாருங்கள். கலர் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும், இல்லையென்றால் ரேடியேட்டர் குழாயில் உப்பு படிந்து அடைக்கும். டிரம்மைக் கழற்றும்போது வீல் பேரிங்கும் மாற்றுகிறவர்கள், எஸ்கேஎஃப் டப்பாவாக இருந்தால் அந்தக் கம்பெனியின் ஆத்தன்டிகேட் செயலியில் போட்டோ எடுத்து அனுப்பிச் சரிபார்க்கலாம்.

டூல்ஸ் பற்றியும் கொஞ்சம். பிரேக் பைப் நட்டுக்கு, அதைச் சுற்றிப் பிடிக்கிற 10 எம்எம் ஃப்ளேர் நட் ஸ்பேனர் கட்டாயம். சாதா ஓப்பன் ஸ்பேனர் இரண்டு பக்கம் மட்டும் பிடித்து மூலையை மழுக்கிவிடும், பிறகு பைப்பையே மாற்ற வேண்டியதுதான். ஜாக் ஸ்டாண்டில் எழுதியிருக்கிற டன் ஒரு ஸ்டாண்டுக்கா ஜோடிக்கா என்று கேளுங்கள், வெல்டிங்கையும் பல் முழுதாகக் கடிக்கிறதா என்பதையும் பாருங்கள். ஹாலோ பிளாக்கை அடியில் அடுக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள், அது விரிசல் காட்டாமல் ஒரேயடியாக நொறுங்கும்.

நட்டு வைத்த அளவுக்கு இறுகியதும் கிளிக் ஆகிற டார்க் ரெஞ்ச் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, அளவு பல சமயம் பொய். சரிபார்ப்பது சுலபம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் படுக்கை வாட்டத்தில் பிடித்து, அங்கிருந்து கைப்பிடி நடு வரை தூரத்தை அளக்கவும். தூரம் 40 சென்டிமீட்டர் என்றால், மளிகைக் கடைத் தராசில் போட்டு 10 கிலோ சரியாக நிரப்பிய தண்ணீர் கேனை அந்த இடத்தில் தொங்கவிட்டால் 39 நியூட்டன் மீட்டர் வரும். ரெஞ்சின் சொந்த எடையால் ஒன்றிரண்டு கூடும். 35க்கு வைத்தால் கிளிக் ஆக வேண்டும், 45க்கு வைத்தால் ஆகக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியது: சாமானைப் பிரிக்கும்போதே டப்பா, லேபிள், பைப் துளை, போர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். "பில் போட்டா ஜிஎஸ்டி கூட வரும்" என்று சொன்னாலும் ஜிஎஸ்டி எண்ணோடு, பார்ட் நம்பர் எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். யுபிஐயில் கட்டினால் அதுவும் ஆதாரம். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எம்ஆர்பி ஸ்டிக்கர் மோசடிக்கு மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

சமீபத்தில் வீல் சிலிண்டர் மாற்றியவர்கள் இந்த வாரமே பின் டிரம் இரண்டையும் கழற்றிப் பாருங்கள். ரப்பர் பூட்டின் ஓரத்தைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் தூக்கினால் உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். சொட்டு விழுந்தால் சிலிண்டரை மாற்றியாக வேண்டும். ஃப்ளூயிட் ஊறிய ஷூவைத் தேய்த்து, காய வைத்து மறுபடி மாட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஊறியது சூடேறினால் மறுபடி வெளியே வரும், ஒரு பக்கம் வழுக்கி வண்டி இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்துப் புது ஷூ போட்டு, பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பித்து ப்ளீடிங் செய்து காற்றை வெளியேற்றிவிட்டு, எஞ்சினை நிறுத்தியபடியே பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் கீழே இறங்கினால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.