பையில் கிடக்கும் ஐந்து தோட்டா: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர்

தற்காப்புக்கென்று முறையாக உரிமம் பெற்று வாங்கப்படும் துப்பாக்கிகளில் பல, சில மாதங்களிலேயே வீட்டுப் பெட்டகத்துக்குள் போய்விடுகின்றன. நாள் முழுவதும் இடுப்பில் சுமக்க முடியாத எடையும் பருமனுமே அதற்குக் காரணம். எனக்கும் அப்படியே நேர்ந்தது. ஆகவே, நான்கு ஆண்டுகளாக என்னுடன் இருந்துவரும் இந்தச் சிறிய ரிவால்வரை, அது எவ்வளவு நன்றாகச் சுடுகிறது என்பதற்கு முன்னால், அது உண்மையிலேயே உடன் வருகிறதா என்ற கேள்வியை வைத்தே மதிப்பிடுகிறேன்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950இல் ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்ற ஐந்து தோட்டா ரிவால்வரையும், தன் நூற்றாண்டான 1952இல், சுத்தியல், அதாவது விசையை இழுத்ததும் பின்னிருந்து தோட்டாவை வெடிக்கச் செய்யும் பகுதி, வெளியே தெரியாத ‘சென்டென்னியல்’ வகையையும் கொண்டுவந்தது. 642 அந்த இரண்டாவது மரபைச் சேர்ந்தது. அலுமினியக் கலவையாலான உடற்சட்டம், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் எஃகு உருளை, இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான குழல், 0.38 ஸ்பெஷல் தோட்டா ஐந்து. காலியாக இருக்கும்போது எடை சுமார் 415 கிராம். சுத்தியல் சட்டத்துக்குள் மறைந்திருப்பதால், உடையின் பையிலிருந்து உருவும்போது துணியில் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. பார்ப்பதற்குச் சிறிய விஷயம்தான். ஆனால் நூறு முறை உருவிப் பழகியவருக்கு இதன் அருமை தெரியும்.

பையில் வைப்பதற்குத் தனி உறை கட்டாயம் வேண்டும். விசையை முழுவதும் மூடுவதாகவும், துப்பாக்கியை உருவும்போது தான் பைக்குள்ளேயே தங்கிவிடுவதாகவும் அது இருக்க வேண்டும். நான் முதலில் வாங்கிய மெல்லிய துணியுறை ஒவ்வொரு முறையும் துப்பாக்கியோடு சேர்ந்தே வெளியே வந்தது. அதை ஒரே வாரத்தில் கைவிட்டேன். அந்தப் பையில் சாவி, நாணயம் என்று வேறு எந்தப் பொருளையும் போடக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இனி இதன் கடினமான பக்கத்துக்கு வருகிறேன். சுத்தியலைக் கையால் இழுத்து வைக்க வழியில்லாததால், ஒவ்வொரு முறையும் நீண்ட, கனமான இழுப்பிலேயே சுட வேண்டும். விசையின் இழுவிசை ஏறத்தாழ ஐந்தரை கிலோ, துப்பாக்கியின் எடையோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகையால் விரலின் வலு சற்றுக் கோணினாலும் குழல் முனை விலகிவிடுகிறது. குறிமுள் சிறியது, பின்னால் இருப்பது சட்டத்தில் வெட்டப்பட்ட வெறும் காடி மட்டுமே. ஏழு மீட்டரில் ஐந்து தோட்டாக்களையும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் இறக்க எனக்குப் பல மாதப் பயிற்சி தேவைப்பட்டது. அதில் பெரும்பகுதி, உண்மைத் தோட்டா எதுவும் அறையில் இல்லை என்பதை இருமுறை சோதித்த பின், போலித் தோட்டாக்களை இட்டு, விசையை மெல்ல இழுத்துப் பழகியதே. முதல் துப்பாக்கியாகச் சிறியதே எளிது என்று எண்ணிப் புதியவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பவர்களோடு நான் உடன்படவில்லை.

சுடும்போது கையில் விழும் உதைப்பும் குறைவன்று. அதை உள்வாங்கிக்கொள்ளும் எடை இல்லாததால், கூடுதல் அழுத்தத் தோட்டாக்கள் உள்ளங்கையை நன்றாகவே பதம் பார்க்கின்றன. குட்டைக் குழலில் வேகம் குறைந்துவிடுவதால், இலக்கில் பட்டதும் விரியும்படி செய்யப்பட்ட குழிமுனைத் தோட்டாக்கள் எப்போதும் எதிர்பார்த்தபடி விரிவதில்லை. ஆகவே, உதைப்பு மிதமாகவும் ஊடுருவல் போதுமானதாகவும் உள்ள 148 கிரெய்ன் (சுமார் 9.6 கிராம்) எடையுள்ள தட்டைமுனைத் தோட்டாவையே நான் இடுகிறேன். இதைவிட இலேசான, ஆனால் வலுமிக்க ‘மேக்னம்’ தோட்டாவைச் சுடும் ரிவால்வர்களில், உதைப்பின் அதிர்வால் அடுத்த தோட்டாவின் ஈயமுனை கூட்டிலிருந்து முன்னகர்ந்து, உருளை சுழல முடியாமல் சிக்கிக்கொள்ளக்கூடும். எடைக்குறைப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் நன்மை செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவையில்லை.

மறுபடி தோட்டா நிரப்புவது மெதுவான வேலை. வெளித்தள்ளும் தண்டு குட்டையானது என்பதால், குழலை மேல்நோக்கிப் பிடித்து உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால்தான் காலிக் கூடுகள் முழுவதும் விழும். எரியாத வெடிமருந்துத் துகள் வெளித்தள்ளியின் அடியில் தங்கினால் உருளை மூடவே சிரமப்படும்.

2018இல் வந்த சிக் சாவர் பி365 போன்ற, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் சிறு பிஸ்டல்கள் ஏறத்தாழ இதே அளவில் பத்துத் தோட்டாக்களைக் கொள்கின்றன என்பதால், ரிவால்வரின் காலம் முடிந்தது என்கிறார்கள். எண்ணிக்கையில் அவர்கள் சொல்வது சரியே. ஆனால் தாக்குபவர் உடலோடு உடலாக நெருங்கி நிற்கும்போது, குழல் முனை எதிலாவது அழுந்தினால் பிஸ்டலின் மேற்பகுதி பின்னகர்ந்து சுடாமல் போகலாம். ரிவால்வருக்கு அந்தத் தடை இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும், விசையை மீண்டும் இழுத்தால் அடுத்தது வந்துவிடும்.

இதே பணிக்கு 2009இல் வந்த ரூகர் எல்சிஆர் ரிவால்வர், 383 கிராம் எடையுடன், இன்னும் வழுவழுப்பான விசை இழுப்பைத் தருகிறது. விரல் வலு குறைந்தவர்கள் அதையே முதலில் கையில் எடுத்துப் பார்க்கலாம். விசையை இயல்பாகவே இழுக்க முடிபவர்களுக்கும், வாரம் ஒருமுறையாவது பயிற்சிக்கு நேரம் ஒதுக்குபவர்களுக்கும் 642ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நான் இன்று காலையும் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் வெளியே கிளம்பினேன்.