பின்னணி இசையைத் தனியாகக் கேட்பது: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

பாட்டுக் கேட்கச் செய்து வைத்த செட்டிங்கிலேயே படங்களின் பின்னணி இசையையும் ஓடவிட்டால் பாதி கெட்டுவிடும். வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வேண்டாம். ஒன்று முடியுமுன்னே அடுத்ததைக் கலந்துவிடும் கிராஸ்ஃபேட் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியில் 'டிராக்', 'ஆல்பம்' என்று இரண்டு இருந்தால் ஆல்பத்தைத் தேர்ந்தெடுங்கள். டிராக்கில் விட்டால் ஒற்றைப் புல்லாங்குழலும் முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும். வால்யூமை மெல்லிய பகுதிக்கு ஏற்ப வைக்காமல், உச்சமான பகுதியை ஓட்டிப் பார்த்து வைப்பது காதுக்கு நல்லது.

இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் 'ஸ்டார் வார்ஸ்' 1977இல் வந்த இரட்டை இசைத்தட்டு, சுமார் 74 நிமிடம். காட்சி வரிசையில் இல்லை. கச்சேரி போல அவரே மாற்றி அடுக்கியது. 1997இல் வந்த இரண்டு சிடி பதிப்பு படத்தின் வரிசையில் போகும். ஒரு தீம் (திரும்பத் திரும்ப வரும் மைய மெட்டு) எங்கே முளைத்து எங்கே உருமாறுகிறது என்று கவனிக்க அதுதான் வசதி. திரும்பத் திரும்பக் கேட்க என்றால் பழையதே மேல். காட்சி வெட்டியதும் பாதியில் அறுந்துபோகும் துணுக்குகள் அதில் குறைவு.

அலுக்கவே அலுக்காதவர் இத்தாலிய இசையமைப்பாளர் எனியோ மோரிகோனே. 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) படத்துக்கு முக்கியமான தீம்கள் படப்பிடிப்புக்கு முன்பே தயாராகி, செட்டிலேயே ஒலிக்கவிடப்பட்டன. காட்சியின் நீளத்துக்கு இசையை நறுக்கும் அவசியம் குறைவு. அதனால்தான் ஒவ்வொன்றும் தொடக்கமும் முடிவும் உள்ள முழு உருப்படியாக நிற்கிறது.

பெர்னார்ட் ஹெர்மன் இசையமைத்த 'சைக்கோ' (1960) முழுக்க தந்தி வாத்தியங்கள். போன் ஸ்பீக்கரில் செல்லோவும் டபுள் பேஸும் காணாமல் போய்க் கீச்சல் மட்டும் மிஞ்சும். ஹெட்போன் கட்டாயம்.

இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரை வேலை செய்யும்போது கேட்பவர்கள் ஏராளம். லண்டன் டெம்பிள் சர்ச்சின் பைப் ஆர்கன் ஒலிக்கும் 'இன்டர்ஸ்டெல்லர்' (2014) அதற்குப் பொருந்தும். 'டன்கிர்க்' பொருந்தாது. சுருதி ஏறிக்கொண்டே போவதாக மயக்கும் ஷெப்பர்ட் டோன் அதில் இருப்பதால் மனம் ஓரிடத்தில் உட்காராது. பேஸ் (தாழ்ந்த ஒலி) தூக்கலான ஹெட்போனில் ஸிம்மர் சீக்கிரம் களைப்பூட்டுவார். ஈக்வலைசரில் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறைத்தால் சரியாகும்.

வாஞ்செலிஸ் இசையமைத்த 'பிளேட் ரன்னர்' படம் 1982இல் வந்தது, அவருடைய ஆல்பம் 1994இல்தான். ஆல்பத்தின் நடுவில் படத்தின் வசனங்களும் வரும். தூங்குமுன் கேட்பவர்களுக்கு அது இடைஞ்சல்.

பெரிய தலைவலி இளையராஜாதான், இசையால் அல்ல, கிடைக்காததால். பாட்டுகள் தட்டாக வந்தன. ரீரெக்கார்டிங்கில், அதாவது பின்னணி இசையில், பெரும்பகுதி படத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. (ரஹ்மானின் 'பம்பாய்' தீம் போல ஆல்பத்திலேயே இடம் பிடித்தவை கொடுத்து வைத்தவை.) 5.1 ஒலியுள்ள (ஒலி ஆறு சேனல்களாகப் பிரிந்திருக்கும்) டிஸ்க் இருந்தால் ஒரு வழி உண்டு. வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். ஆறு சேனல் வேவ் கோப்பாக மாற்றி ஆடியோ எடிட்டரில் திறந்தால் மூன்றாவதாக இருப்பது அதுதான். அதை மியூட் செய்து முதல் இரண்டை (இடது, வலது) ஸ்டீரியோவாக எடுக்க வேண்டும். கதவு, காலடிச் சத்தம் போன்றவை ஓரளவு ஒட்டிக்கொண்டு வரும், அதற்கு மருந்தில்லை. மோனோவில், அதாவது ஒரே சேனலில், வந்த பழைய படங்களை 5.1 ஆக ஊதிப் பெருக்கியிருந்தால் இது பலிக்காது. நடுவை எடுத்ததும் இசையும் பொக்கையாகிவிடும். குரலைப் பிரிக்கும் ஏஐ மென்பொருளை அங்கே முயலலாம். ஆனால் அது வசனத்தோடு கோரஸ் ஹம்மிங்கையும் குரல் என்று எண்ணி வழித்தெடுத்துவிடும். ராஜாவின் பின்னணியில் ஹம்மிங் போனால் பாதி உயிர் போன மாதிரி. வசனம் இல்லாத இடங்களை மட்டும் நேரம் குறித்துவைத்து, அசல் ஒலியிலிருந்து அப்படியே வெட்டியெடுப்பது நேரம் பிடிக்கும், ஆனால் தரம் கெடாது.