ரெண்டாவது ஆர்சி பிளேன்: ட்ரோஜனா, டுண்ட்ராவா, கிளைடரா, இல்ல மஸ்டாங்கேதானா?

மொத ஆர்சி பிளேன், அதான் ரிமோட்ல ஓட்டுற குட்டி பிளேன், ஒரு வழியா உடையாம தரை எறங்க ஆரம்பிச்சதும் கை அரிக்கும் பாருங்க, அடுத்தது என்னன்னு. எனக்கும் அரிச்சுது. நான் நேரா போயி நின்ன எடம் பி-51 மஸ்டாங், பழைய சண்டை விமானத்தோட மாடல், பாக்க அழகா இருந்துச்சு, வேற ஒரு காரணமும் கெடையாது. அந்தக் கூத்து பின்னாடி வருது. இப்ப அதே நெலமையில இருக்குறவங்களுக்காக, நான் ஓட்டினது, கூடப் பறக்குற ஆளுங்க ஓட்டினது எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறேன்.

முன்னாடியே ஒண்ணு கேட்டுக்கறேன். மொத பிளேன நீங்க ஓட்டுறீங்களா, இல்ல அது தானா ஓடிக்குதா? ஏரோஸ்கவுட், அப்ரெண்டிஸ் மாதிரி பிளேன்லலாம் சேஃப் மோட் போட்டு வச்சா ஒரு அளவுக்கு மேல சாயவே விடாது, ஸ்டிக்க விட்டா தானா நிமிர்ந்துக்கும். அதுல அம்பது தடவ பறந்துட்டு எனக்கு ஓட்டத் தெரியும்னு நம்மளே நம்பிக்குவோம். அந்த சுவிட்ச அணைச்சுட்டு, காத்து கொஞ்சம் இருக்குற நாள்ல, உயரம் ஏறாம எறங்காம எட்டு போட்டுப் பாருங்க, எடது வட்டமும் வலது வட்டமும் ஒரே சைஸ்ல வருதான்னு பாருங்க, அப்புறம் மேல போயி மோட்டார நிறுத்திட்டு ரன்வேக்குள்ள கொண்டாந்து எறக்குங்க. இது வந்துட்டா மேல படிங்க. வரலன்னா இன்னும் பத்து பேட்டரி மொத பிளேன்லயே ஓட்டுங்க, செலவும் மிச்சம்.

நான் இத எப்படிப் பாக்குறேன்னா, நீச்சல் பழகும்போது இடுப்புல சுரைக்குடுக்கை கட்டிவிடுவாங்கல்ல, மொதல்ல பழகுற டிரெய்னர் பிளேன்ங்கறது நாலு குடுக்கை கட்டிவிட்ட மாதிரி. ஒண்ணு, விங்கு ரெண்டும் வி ஷேப்ல மேல தூக்கியிருக்குறதால சாஞ்சா தானா நிமிரும். ரெண்டு, எடைக்கு விங்கு பெருசு, அதனால மெதுவா பறக்கும், வேகம் செத்து ஸ்டால் ஆனாலும், அதாவது விங்கு தூக்குறத விட்டுட்டாலும், மூக்க லேசா தாழ்த்திட்டு மறுபடி பறக்கும். மூணு, முன்னாடி ஒரு சக்கரம் பின்னாடி ரெண்டுன்னு தரையில நேரா ஓடும். நாலு, அடி வாங்குனா தாங்கும். ரெண்டாவது பிளேன்ல இதுல ஒண்ணத்தான் அவுக்கணும், ரொம்ப தைரியம்னா ஒண்ணரை. நாலையும் ஒரே நாள்ல அவுத்து கெணத்துல குதிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

மொதல்ல டி-28 ட்ரோஜன். ஒரு மீட்டர் சொச்சம் விங்கு இருக்குற ஃபோம் ட்ரோஜன் ரொம்ப வருசமாவே ரெண்டாவது பிளேன்னு எல்லாரும் கை காட்டுற பிளேன், சும்மா காட்டல. நிஜ டி-28 1949ல மொதமொதலா பறந்த பயிற்சி விமானம்தான், மஸ்டாங்க செஞ்ச அதே நார்த் அமெரிக்கன் கம்பெனியோடது. ராணுவ பைலட்டுங்க பழகறதுக்குன்னே செஞ்சதால சக்கரம் அகலமா வச்சிருக்கும், மூக்குலயும் ஒரு சக்கரம், விங்கு நல்லா தடிமனா இருக்கும். அந்த கொணம் ஃபோம்லயும் அப்படியே வந்திருக்கு. விங்கு கீழ இருந்தாலும் நுனி ரெண்டும் கொஞ்சம் மேல தூக்கின மாதிரிதான் இருக்கும், அதனால அடங்காம கவுந்துக்காது, அதுக்காக டிரெய்னர் மாதிரி பதறியடிச்சு நிமிரவும் செய்யாது.

இந்த வித்தியாசம் மொத திருப்பத்துலயே தெரியும். டிரெய்னர்ல ஐலெரான் (விங்கோட பின் விளிம்புல இருக்குற, பிளேன சாய்க்கிற மடிப்பு) குடுத்து சாச்சுட்டு விரல எடுத்தா அதுவே மெதுவா நேராயிடும், அந்தப் பழக்கத்துல ட்ரோஜன்லயும் சாச்சுட்டு விரல எடுத்தேன், அது சாஞ்சது சாஞ்சபடி மூக்க தாழ்த்திக்கிட்டே போயிட்டிருக்கு, நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். ரெண்டு செகண்ட் கழிச்சுதான் ஓ நான்தான் எதிர்ப்பக்கம் ஐலெரான் குடுத்து நிமித்தணுமான்னு ஒறச்சுது. சாய்ச்சது, எலிவேட்டர் (மூக்க ஏத்தி எறக்குற வால் மடிப்பு) புடிச்சது, திரும்பினது, எதிர்ல குடுத்து நிமித்தினது, இந்த நாலு வேலையும் மூணாவது பேட்டரிக்குள்ள விரலுக்கு வந்துடுச்சு. டிரெய்னர்ல ஒரு வருசம் ஓட்டியும் வராதது. அவுத்தது ஒரே ஒரு குடுக்கை, மத்த மூணும் இடுப்புலதான் இருக்கு, அதான் ட்ரோஜன். லூப், ரோல், தலைகீழா கொஞ்ச தூரம் எல்லாம் செய்யும், பெரும்பாலும் 3எஸ் 2200 லிப்போ (மூணு செல், 2200 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி) போதும், மொத பிளேனோட பேட்டரி அதே சைஸ்னா அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம். அதோட கொறைன்னு பாத்தா மூக்குச் சக்கரம்தான். மேடு பள்ளமான புல்லுல அந்த கம்பி வளஞ்சுக்கும், சின்ன சக்கரம் புல்லுல சிக்கிக்கும்.

அங்கதான் டுண்ட்ரா உள்ள வருது. துராஃப்ளை டுண்ட்ரா 1300 மில்லிமீட்டர், ஈ-ஃப்ளைட் டிம்பர் 1.5 மீட்டர், ரெண்டும் ஒரே சாதி. விங்கு மேல, பலூன் மாதிரி குண்டு டயரு, மெதுவா எறங்க விங்கு பின்னாடி தாழ்த்துற ஃப்ளாப் உண்டு, டிம்பர்ல விங்கோட முன் விளிம்புல ஒட்டிக்கிற ஸ்லாட் கூட வரும், தண்ணில எறக்க ஃப்ளோட்டும் வரும். பாக்க டிரெய்னர் மாதிரியே இருக்கறதால இது என்ன புதுசான்னு தோணும். புதுசுதான், ஆனா பாதி புதுசு தரையில இருக்கு. இது டெயில் டிராகர், அதாவது பெரிய சக்கரம் ரெண்டும் முன்னாடி, வால்ல ஒரு குட்டி சக்கரம். பிளேனோட எடை மையம் அந்த பெரிய சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கும், அதனால ஓடும்போது ஒரு பக்கம் லேசா திரும்பிட்டா பின்பக்கத்து எடை அத இன்னும் தள்ளும், வால் முன்னாடி வந்துடும், ஒரு விங்கு நுனி மண்ணுல தேயும். ரட்டர (மூக்க எடது வலது திருப்புற வால் மடிப்பு) சின்னச் சின்னதா தட்டிக்கிட்டே ஓட்டணும், டாக்ஸி பண்ணும்போது எலிவேட்டர மேல புடிச்சே வச்சிருக்கணும், இல்லன்னா ப்ராப் (மூக்குல சுத்துற விசிறி) தரைய கொத்தும்.

ஆகாசத்துலயும் ரட்டர் கேக்கும். வலது பக்கம் சாய்க்க எடது ஐலெரான் கீழ எறங்குது பாருங்க, அந்தப் பக்கம் இழுவை அதிகமாகி மூக்கு எடது பக்கம் போகப் பாக்கும். மெதுவா பறக்கும்போது இது அப்பட்டமா தெரியும், கூடவே கொஞ்சம் ரட்டர் குடுத்தா திருப்பம் வெண்ணெய் மாதிரி வரும். ஃப்ளாப் மட்டும் ஜாக்கிரதை. எறக்குன ஒடனே மூக்கு மேல தூக்கி பிளேன் பலூன் மாதிரி எழும்பும், அதனால மொதல்ல நல்ல உயரத்துல பாதி ஃப்ளாப் எறக்கிப் பாத்து, எவ்வளவு எலிவேட்டர் கீழ குடுக்கணும்னு புடிச்சு, ட்ரான்ஸ்மிட்டர்ல ஃப்ளாப்போட அதுவும் தானா சேந்துக்குற மாதிரி மிக்ஸ் போட்டுட்டு அப்புறம் லேண்டிங்குக்கு வாங்க. முழு ஃப்ளாப்போட எதிர்காத்துல டுண்ட்ரா எறங்குறத பாத்தா நடந்து வர்ற மாதிரி இருக்கும், அந்த ஒரு சொகத்துக்கே நான் இத வாங்கலாம்னு சொல்லுவேன்.

சரி இது ரெண்டுல எது? ஓட்டுற எடம் சமமா, வெட்டின புல்லோ தாரோ போட்டதா இருந்தா கண்ண மூடிக்கிட்டு ட்ரோஜன். கரடுமுரடா இருந்தா டுண்ட்ரா. ஐலெரான் கத்துக்கறதுக்கு ட்ரோஜன், ரட்டரும் லேண்டிங்கும் கத்துக்கறதுக்கு டுண்ட்ரா. எனக்கு ட்ரோஜன் ஒரு பிடி ஒசத்தி, ஏன்னா அதுக்கு அடுத்து எந்த கீழ்விங்கு பிளேன் எடுத்தாலும் பயம் போயிடும்.

மோட்டார் கிளைடர் ஒரு தனி ருசி. ரேடியன் 2 மீட்டர் எடுத்துக்கோங்க, மேல போயி மோட்டார நிறுத்திட்டா ப்ராப் மடங்கிக்கும், அப்புறம் சத்தமே இல்ல. சூடான காத்து எழும்புற எடத்துல ஒரு பக்க விங்கு லேசா தூக்கும், தூக்குற பக்கமே திரும்பினா பிளேன் தானா ஏறும், ஒரே பேட்டரியில அரை மணி நேரமெல்லாம் பறந்துட்டு கழுத்து வலியோட வீட்டுக்குப் போலாம். ஆனா ரெண்டாவது பிளேன்னு பாத்தா இதுல ஐலெரானே கெடையாது, ரட்டரும் எலிவேட்டரும்தான், எந்த குடுக்கையையும் ஒழுங்கா அவுக்கல. ஒண்ணு மட்டும் நல்லா சொல்லிக் குடுக்கும், எறங்கவே எறங்காது. ரன்வே முடிஞ்சு வேலி வந்தாலும் முழங்கால் உயரத்துல மெதந்துக்கிட்டே போகும், அதனால எங்க இருந்து எறக்க ஆரம்பிக்கணும்னு கண்ணுக்குப் பழகும். மூணாவதா வாங்கலாம், இல்ல மனசு அமைதிக்காக எப்ப வேணா வாங்கலாம்.

இப்ப மஸ்டாங். நான் வாங்கினது 800 மில்லிமீட்டர் சைஸ், வெள்ளி கலரு. மொத தப்பு அந்த சைஸ், சின்ன வார்பேர்ட் (போர் விமான மாடல்) பெருச விட மோசமா நடந்துக்கும், 1.4 மீட்டர்ல அதே மஸ்டாங் எவ்வளவோ சாது. ரெண்டாவது தப்பு அந்த கலரு, மேகம் போட்ட வானத்துல நூறு மீட்டர் தள்ளிப் போனா மேல்பக்கமா அடிப்பக்கமான்னே தெரியாம கருப்பு நெழலாத்தான் தெரியும். பறந்துச்சு, அழகாத்தான் பறந்துச்சு, நாலு நிமிஷம். லேண்டிங்குக்கு கடைசி திருப்பம், பின்னாடி இருந்து காத்து தள்ளுனதுல ரன்வே நேர் தாண்டிப் போயிடுச்சு, வளைவ இறுக்கலாம்னு நல்லா சாச்சு எலிவேட்டர இழுத்தேன், த்ராட்டில் (மோட்டார் வேகம்) ஏற்கனவே கால்வாசிதான். உள்பக்க விங்கு டப்புன்னு விழுந்துச்சு. திரும்புற பக்கமே சுருண்டு பத்து மீட்டர் உயரத்துல இருந்து மூக்கு மண்ணுல. மோட்டார் ஷாஃப்ட் வளஞ்சு, விங்கு ரெண்டா போயி, பேட்டரி தனியா அஞ்சடி தள்ளிக் கெடந்துச்சு.

பிளேன் மேல பழி போட ஒண்ணுமில்ல, கணக்கு அது. 60 டிகிரி சாஞ்சு உயரம் எறங்காம திரும்பினா விங்கு ரெண்டு மடங்கு எடைய தூக்கணும், ஸ்டால் வேகம் 1.41 மடங்கு ஆயிடும். நேரா பறக்கும்போது மணிக்கு 25 கிலோமீட்டர்ல ஸ்டால் ஆகுற பிளேன் அந்த திருப்பத்துல 35லயே விழும். டிரெய்னர்லயும் இதே கணக்குதான், ஆனா அதோட நேரான அகல விங்குல நடுப்பக்கம் மொதல்ல ஸ்டால் ஆகும், நுனியில இருக்குற ஐலெரான் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். நுனி குறுகின விங்குல நுனியே மொதல்ல விட்டுடும், அதுவும் ஒரு பக்கம் மட்டும். இதத்தான் டிப் ஸ்டால்ங்கறோம். ஸ்பிட்ஃபயர்னா இதுக்கு மேல சக்கரமும் நெருக்கமா இருக்கும், தரையிலயும் சாயும். நாலு குடுக்கையும் அவுத்தாச்சு.

கடையில, பெட்டியில என்ன எழுதியிருந்தாலும் நீங்களே ஒரு கணக்கு போடுங்க. பறக்குற எடைய கிராம்ல எடுத்து விங்கு பரப்ப சதுர டெசிமீட்டர்ல எடுத்து வகுங்க. 1000 கிராம், 25 சதுர டெசிமீட்டர்னா 40. ஒரு மீட்டர்ல இருந்து 1.3 மீட்டர் சைஸ்ல 50க்குள்ள வந்தா ரெண்டாவது பிளேனுக்கு ஓகேன்னு நான் வச்சிருக்கேன், 60 தாண்டுனா இப்போதைக்கு ஷோகேஸ்ல பாத்து ரசிங்க. பெரிய பேட்டரி போட்டா ரொம்ப நேரம் பறக்கலாம்னு எடைய 20 சதவீதம் ஏத்துனா ஸ்டால் வேகமும் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏறும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இடிஎஃப் ஜெட்டு (ப்ராப்புக்கு பதிலா உள்ளுக்குள்ள மின்சார ஃபேன் வச்சது) பத்தி நெறைய பேர் கேக்குறாங்க. வேணாம். ஃபேன் வேகம் புடிக்க நேரம் எடுக்கும், ப்ராப் காத்து எலிவேட்டர் மேல அடிக்காது, அதனால மெதுவா வந்து மாட்டிக்கிட்டு த்ராட்டில் குடுத்தா ஒடனே காப்பாத்தாது, பேட்டரியும் மூணு நாலு நிமிஷத்துல காலி. பால்சா மரத்துல செய்யற ஃபோர்-ஸ்டார் மாதிரி கீழ்விங்கு ஸ்போர்ட் பிளேன் பறக்க தங்கம், ஆனா ஒட்டிச் செய்யவே பல வாரம், ஒடஞ்சா மறுபடியும் பல வாரம், செய்யறதே பிடிக்கும்ங்கறவங்களுக்கு மட்டும். இபிபி ஃபோம்ல வர்ற வாலில்லா பறக்கும் விங்கு மலிவான அடியாள், தரையில குத்துனா எழுந்து தூசி தட்டிக்கும், ஆனா தூரத்துல எந்தப் பக்கம் பாக்குதுன்னு கண்டுபுடிக்கறது கஷ்டம், கையாலதான் எறியணும்.

எத வாங்குனாலும் மெய்டனுக்கு, அதான் மொத பறப்புக்கு, முன்னாடி சிஜி (எடை மையம்) சரி பாருங்க, மேனுவல்ல சொன்ன எடத்துல ரெண்டு விரல வச்சுத் தூக்கினா மூக்கு லேசா தாழணும். வால் கனமா இருந்தா பிளேன் கயித்த அறுத்துக்கிட்ட கன்னுக்குட்டி. எக்ஸ்போ (ஸ்டிக் நடுவுல மெதுவா கேக்க வைக்கிற செட்டிங்) 30 சதவீதம், கம்மி ரேட் (ஸ்டிக்க முழுசா தள்ளுனாலும் மடிப்பு கொஞ்சமா அசையற மாதிரி), டைமர் மொதல்ல 5 நிமிஷம், எறக்குன பிறகு பேட்டரி அளந்து செல்லுக்கு 3.75 வோல்ட்டுக்கு மேல இருந்தா அடுத்த தடவ அரை நிமிஷம் கூட்டுங்க.

நான் மஸ்டாங்க எபாக்சி போட்டு ஒட்டி செவுத்துல மாட்டிட்டு ட்ரோஜன் எடுத்தேன். கூடவே மூக்குச் சக்கரக் கம்பி ரெண்டு ஸ்பேர். ஒண்ணு ரெண்டாவது நாளே போயிடுச்சு, மூக்கு மொதல்ல தரையத் தொடுற மாதிரி எறக்கினேன். இன்னொண்ணு பாக்ஸ்ல கவர் பிரிக்காம கெடக்கு.