450 வெள்ளிக்கு ஒரு போலி நிலம்

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு, அதிலும் இரண்டு நில வகை சேர்ந்த பழைய டூயல் லேண்ட் கார்டு ஒன்றை யாரிடமாவது மலிவாக வாங்கலாம் என்றிருக்கும் சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தப் பதிவு.

நான் வாங்கப்போனது ரிவைஸ்ட் பதிப்பு அண்டர்கிரவுண்ட் சீ. 1994-இல் வந்த வெள்ளை பார்டர் கார்டு. மந்திரங்களுக்குச் சக்தி தரும் நில வகைகளான ஐலண்ட், ஸ்வாம்ப் இரண்டும் ஒரே நிலத்தில். டேப் ஆகி, அதாவது உடனே பயன்படாதபடி சாய்ந்து இறங்காது, லைஃபும் (உயிர்ப்புள்ளி) கேட்காது. 2005-இல் ராவ்னிகா பதிப்பில் வந்த வாட்டரி கிரேவ் 2 லைஃப் வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்யும். 40 லைஃபோடு தொடங்கும் கமாண்டர் ஆட்டமுறையில் அந்த 2 ஒரு பொருட்டா என்று கூட ஆடுகிறவர்கள் கேட்டார்கள். எனக்குத்தான் காதில் ஏறவில்லை. 1996-இல் ரிசர்வ்டு லிஸ்டில், அதாவது இனி அச்சடிப்பதில்லை என்று நிறுவனம் வாக்குக் கொடுத்த பட்டியலில், வைத்துப் பூட்டிய பிறகு இதை ஆட்டத்துக்குச் செல்லும்படி மறுபடி அச்சடிக்கவில்லை. விலை ஏறியதும் அதனால்தான், போலி பெருகியதும் அதனால்தான்.

கடையில் 800 வெள்ளி சொன்னதை ஒரு குழுவில் ஒருவர் 450-க்குத் தருவதாகச் சொன்னார். அவசரப் பணத்தேவையாம். நீலப் பூப்போட்ட மேசை விரிப்பின்மேல் வைத்து எடுத்த படம். முன்பக்கம் தெளிவு, பின்பக்கம் மங்கல். இன்னொரு படம் கேட்டேன். "பேக் பண்ணிட்டேன் ப்ரோ" என்றார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பொருள் கைக்கு வரும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் முறையில் போனால் கட்டணம் வேறு, நேராக வங்கியிலிருந்து பேநவ்வில் அனுப்புங்கள் என்றார். சில வெள்ளி மிச்சம் என்று சந்தோஷமாக அனுப்பினேன்.

கார்டு வந்தது. ரிவைஸ்ட் என்றாலே வெளிறிய நிறம். இதுவோ பளிச்சென்று இருந்தது. நன்றாகப் பாதுகாத்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று வாரம் ஆடினேன்.

கடைக்காரர்தான் கார்டை ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி, சில காசு பெறுமான ரிவைஸ்ட் ஸ்வாம்ப் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். பிறகு நகைக்கடை லென்ஸை நீட்டினார். பின்பக்கத்தில் ஐந்து நிற வட்டங்கள் இருக்கிறதல்லவா, அதில் பச்சை வட்டத்துக்குள் நான்கு சிவப்புப் புள்ளிகள் ஆங்கில எல் எழுத்துபோல நிற்க வேண்டும். ஸ்வாம்பில் நின்றன. என்னுடையதில் வெறும் புள்ளிச் சிதறல். முன்பக்க எழுத்தும் அப்படியே: அசலில் கெட்டிக் கறுப்பு மை, இதில் ஓரமெல்லாம் வண்ணப் புள்ளியாக உதிர்ந்து தெரிந்தது. (வளைத்துப் பார்க்கும் சோதனை வேண்டாம். அசலாக இருந்தால் அதையும் கெடுத்துவிடுவீர்கள்.)

இன்னொரு வித்தையும் அவர் சொன்னார். 1993-இல் வந்த கலெக்டர்ஸ் எடிஷன் கார்டுகளுக்கு மூலை சதுரமாக இருக்கும், பின்பக்கம் தங்கநிற பார்டர். மூலையை வட்டமாக வெட்டி, முதுகு தெரியாத ஸ்லீவில் போட்டு பழைய பீட்டா பதிப்புக் கார்டு என்று தள்ளிவிடுவார்களாம். ஸ்லீவை விட்டு எடுக்க மறுப்பவரிடம் பேரமே பேசாதீர்கள்.

விற்றவரைக் கேட்டேன். "எனக்கு வித்தவரும் ஒரிஜினல்னுதான் சொன்னார்" என்றார்; மறுநாள் குழுவில் ஆளில்லை. வங்கியில், நீங்களாக அனுப்பிய பணம் என்றார்கள். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்.

நேற்று வேறொரு குழுவில், வேறு பெயரில், ரிவைஸ்ட் வால்கானிக் ஐலண்ட் என்ற இன்னொரு டூயல் லேண்ட் 400 வெள்ளிக்கு வந்திருக்கிறது. அதே நீலப் பூ மேசை விரிப்பு.